பாட்டி எந்த அலகில் வருவார்?

வரிவிதி ஒன்று மாறினால் எந்த வீட்டுக்கு எவ்வளவு கூடும், குறையும்? மொத்தக் கணக்கை விட்டுவிட்டு ஆளாளாக, வீடுவீடாகக் கணக்குப் போடலாமே என்ற யோசனையை 1957இல் முன்வைத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் கை ஆர்கட். இதை மைக்ரோசிமுலேஷன் என்கிறார்கள். அந்த வழியில் வந்த கணினி மாதிரி யூரோமாட். ஹாலி சதர்லாந்து தலைமையில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. 2021 முதல் ஐரோப்பிய ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளின் வரியும் உதவித்தொகையும் அதில் ஒரே மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த மொழிதான் அழகு. 'ஒய்' என்று தொடங்கினால் வருமானம், 'பி' என்றால் உதவித்தொகை. ஒய்-இ-எம் சம்பளம், ஒய்-எஸ்-இ சொந்தத் தொழில் வரும்படி. போர்ச்சுகல் விதியை எழுதிப் பழகியவர் பின்லாந்து விதியைத் திறந்தாலும் திணறமாட்டார். எந்த விதிக்குப் பின் எந்த விதி ஓட வேண்டும் என்ற வரிசைக்கு 'முதுகெலும்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்! வரி போக மிஞ்சியதைப் பார்த்துத் தரும் உதவித்தொகை வரிக்கு முன்னால் ஓடினால் கணக்கு முழுதும் கோணிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது 'வரி அலகு', அதாவது ஒரு விதிக்கு யார் யாரைச் சேர்த்து ஒன்றாக எண்ணுவது என்பது. ஒரு வீட்டில் கணவன், மனைவி, கல்லூரி மகள், பாட்டி. ஒரு விதிக்கு இவர்கள் நான்கு தனி ஆட்கள். இன்னொன்றுக்குப் பெற்றோரும் மகளும் ஓர் அலகு, பாட்டி வேறு. மற்றொன்றுக்கு வீடு முழுதும் ஒன்று. மகள் எந்த வயதுவரை 'பிள்ளை' என்பதையும் விதிக்கு விதி எழுதியாக வேண்டும். சட்டம் மழுப்பலாம், மாதிரியில் அது நடக்காது.

கண்ணுக்குத் தெரியாத வரியையும் இந்த வகைக் கணக்கு காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டியவர் மேலும் 100 பவுண்டு சம்பாதித்தால் வரி 40. கூடவே அவருடைய வரிவிலக்கு வரம்பில் 50 பவுண்டு குறைகிறது, அதற்கு 20. ஆக 60 போயிற்று. வரி அட்டவணையில் 60 விழுக்காடு என்ற வரியே கிடையாது. 1,25,140ஐத் தாண்டினால் 45தான்.

குறையும் உண்டு. பெரும்பாலும் இது வரி மாறிய மறுநாள் காலையைத்தான் காட்டும். வேலை நேரத்தைக் குறைப்பவர், கூட்டுபவர் இதில் தெரியமாட்டார்.

யூரோமாட் மென்பொருள் இலவசம். வீடுகளின் கணக்கெடுப்புத் தரவுக்குத் தனி அனுமதி வேண்டும். கற்பனைக் குடும்பம் ஒன்றை நீங்களே அமைத்து ஓட்டிப் பார்க்கத் தடையில்லை. பாட்டியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.