சொல்லி அடிக்கும் எதிரிகள்

புதிதாக ஓர் ஆக்‌ஷன் கேம் கைக்கு வந்தால், முதல் அரை மணி நேரம் அடிப்பதைவிட அடி வாங்குவதில்தான் எனக்குக் கவனம். நாயகனின் வாள் எவ்வளவு நீளம், அவனுக்கு எத்தனை வித்தை தெரியும் என்பதெல்லாம் விளம்பர டிரெய்லரிலேயே தெரிந்துவிடும். அதில் தெரியாதது எதிரியின் நடத்தை. வீசும் முன் அவன் தோள் எப்படி உயர்கிறது, கால் எங்கே ஊன்றுகிறது, வீச்சு தவறிப்போனால் எவ்வளவு நேரம் தடுமாறி நிற்கிறான்? கேமைச் செய்தவர்களின் ரசனை எப்படிப்பட்டது என்பதை நான் அங்கேதான் பார்ப்பேன். நல்ல எதிரி சொல்லிவிட்டு அடிப்பான். அவன் சொன்னதைக் கவனிக்காமல் அடிபட்டால் யாரையும் குறைசொல்ல முடியாது. எழுந்து மறுபடி போக வேண்டியதுதான்.

அண்மைக் காலத்தில் இந்த விஷயத்தில் எதையும் பக்கத்தில் நிறுத்த முடியாத கேம், 'செகிரோ: ஷாடோஸ் டை ட்வைஸ்'. ஹிடேடகா மியாசாகியின் இயக்கத்தில் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்த இது 2019 மார்ச்சில் வெளிவந்தது. அதே நிறுவனத்தின் 'டார்க் சோல்ஸ்' வரிசையில் ஊறியவர்கள் இதில் முதலில் திணறிப்போனார்கள். அங்கே ஆபத்து வந்தால் உருண்டு தப்பிக்கலாம். இங்கே ஓடி ஒதுங்குகிறவனுக்குப் பிழைப்பில்லை. எதிரியின் வாள் வரும்போது நின்ற இடத்திலேயே நின்று, சரியான கணத்தில் எல்1 பட்டனை அழுத்தி அதைத் தட்டிவிட வேண்டும். கேம் ஆடுகிறவர்கள் இதைப் 'பேரி' என்பார்கள். அப்படித் தட்டிவிடத் தட்டிவிட எதிரியின் பாஸ்ச்சர் மீட்டர் ஏறும். நிரம்பிவிட்டால் அவன் நிலைகுலைவான், உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஒரே குத்தில் அந்தச் சுற்று முடிந்தது. நாம் மூச்சு வாங்கப் பின்வாங்கினால் அந்த மீட்டர் கடகடவென்று இறங்கிவிடும். அதாவது, பயந்து விலகினால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண். முன்னே போ என்று நம் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற ஏற்பாடு இது.

அஷினா கோட்டையின் உச்சியில் நிற்கும் கெனிச்சிரோவோடு நடக்கும் சண்டையை எடுத்துக்கொள்வோம். அவன் எகிறிக் குதித்து வாளை இறக்குவான். அது தரையைத் தொட்டதும் நம் தலைக்கு மேல் ஒரு சிவப்பு எழுத்து பளிச்சிடும். ஆபத்து என்று பொருள். ஆனால் என்ன ஆபத்து என்று அது சொல்லாது. அடுத்து வருவது நேராக நெஞ்சுக்குப் பாயும் குத்தாக இருக்கலாம், காலை அரியும் வீச்சாகவும் இருக்கலாம். குத்தென்றால் முன்னே பாய்ந்து அவன் வாளையே மிதித்து அமுக்க வேண்டும். வீச்சென்றால் எம்பிக் குதித்து அவன் தலையை உதைக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செய்தால் உயிர் போகும். இரண்டுக்கும் ஒரே சிவப்பு எழுத்துதான். எனவே எழுத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்கப் பழக வேண்டும்: வாளைப் பின்னால் இழுக்கிறானா, இடுப்பைத் தாழ்த்துகிறானா? முதலில் எல்லாமே ஒரு சிவப்பு மின்னலாகத்தான் தெரியும். பத்து முறை செத்த பிறகு அவன் வாள் பின்னால் போவது ஏதோ மெதுவாக நடப்பதுபோலத் தெரிய ஆரம்பிக்கும். அவன் வேகம் குறையவில்லை. நம் கண் தேறியிருக்கிறது.

ஒலிக்கும் இதில் பாதிப் பங்கு. சும்மா தடுத்தால் மந்தமான ஒரு சத்தம்; சரியாகத் தட்டிவிட்டால் கணீரென்று ஒரு நாதமும் கூடவே தீப்பொறிச் சிதறலும். சரியாகச் செய்தோமா என்று திரையின் மூலையில் எந்த மீட்டரையும் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். பயத்தில் பட்டனைப் படபடவென்று அமுக்குபவர்களுக்கும் ஒரு தண்டனை உண்டு: அமுக்க அமுக்க, தட்டிவிடுவதற்கான அவகாசம் சுருங்கிக்கொண்டே போகும். கேம் இதை முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. பதற்றப்படுகிறவன் தோற்றுக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான்.

அடி விழும் கணத்தைப் பற்றி ஒன்று. வாள் உடம்பில் பட்டதும் படம் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட இல்லாத அளவுக்கு உறைந்து நின்று, பிறகு ஓடும். ஹிட்ஸ்டாப் என்பது இதன் பெயர். 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' தந்த மசாஹிரோ சகுராய், கேம் உருவாக்கம் பற்றித் தன் யூடியூப் சேனலில் நடத்திய குறும்பாடங்களில் இதை அழகாக விளக்கியிருக்கிறார். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. அதில் நாலைந்து ஃப்ரேமைப் பிடித்து நிறுத்தினால் வெறும் படத்துக்கு எடை வந்துவிடுகிறது. நிறுத்தாவிட்டால் எவ்வளவு பெரிய கோடாலியாக இருந்தாலும் காற்றில் அட்டையை வீசுவதுபோல இருக்கும். கோடிகளைக் கொட்டி எடுத்த கேம்களிலும் இந்த அட்டைக் கோடாலியைப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரம்சாஃப்ட்வேரைப் புகழ்ந்த கையோடு ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் வந்த 'எல்டன் ரிங்' ஒரு மாபெரும் உலகம், சந்தேகமில்லை. ஆனால் அதன் எதிரிகள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. முதலில் வழிமறிக்கும் மார்கிட்டைப் பாருங்கள்: தடியை உயர்த்துவான், உயர்த்தியபடியே நிற்பான், நாம் உருண்டு எழும் வரை காத்திருப்பான், பிறகு இறக்குவான். உருண்டு தப்பிப்பதில் கரைகண்டுவிட்ட கூட்டத்தை ஏமாற்ற இப்படி ஒரு தந்திரம் வேண்டியிருந்திருக்கிறது. எப்போதாவது என்றால் ரசிக்கலாம். எல்லோரும் அப்படியே செய்தால் அது உடல்மொழியைப் படிக்கும் சண்டையாக இருக்காது. எந்த அடி எத்தனை நொடி தாமதம் என்று மனப்பாடம் செய்யும் வேலையாகிவிடும்.

கையடக்கக் கருவிகளில் இந்தக் கலைக்கு வேறு கணக்கு. ஏழு அங்குலத் திரையில் கெனிச்சிரோவின் இடுப்பு எங்கே தெரியப்போகிறது? ஸ்டீம் டெக்கில் 'செகிரோ' ஓடும்தான், ஆனால் எனக்கு அது பெரிய திரைக்குரிய கேம். கையில் வைத்து ஆடுவதற்கு என் முதல் தேர்வு பக்கவாட்டில் நகரும் 2டி கேம்கள்தான். எதிரி முழு உருவமாக, நிழலுரு போலத் தெளிவாக நிற்பான். தொலைக்காட்சிகளில் பல, கேம் மோடுக்கு மாற்றாவிட்டால், படத்தை மெருகேற்றுகிறேன் என்று பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே தாமதத்தைச் சேர்த்துவிடும். கைக்கருவியில் அந்தத் தொல்லை இல்லை.

2021 அக்டோபரில் ஸ்விட்ச்சுக்கு வந்த 'மெட்ராய்டு ட்ரெட்' இதற்கு நல்ல உதாரணம். ஸ்பெயினின் மெர்குரிஸ்டீம் நிறுவனம் நின்டெண்டோவோடு சேர்ந்து செய்தது. சாதாரண எதிரிகள் பாயும் முன் பளிச்சென்று மின்னுவார்கள். அந்த மின்னலில் அடித்தால் நிலைகுலைந்துபோவார்கள். இந்தப் பழக்கத்தை நம் கைக்கு ஏற்றிவிட்டு, பிறகு எம்மி என்ற ரோபோக்களைத் துரத்தவிடுவார்கள். எம்மி பிடித்துவிட்டால் தப்பிக்க மயிரிழை அவகாசம்தான். அதுவும் ஒவ்வொரு முறையும் மாறும், பழகிக்கொள்ளவே முடியாது. சொல்லாமல் அடிப்பதைக் குறை என்றேன், ஆனால் இங்கே அதுவே சரி. இவற்றோடு சண்டை போடாதே, ஓடு என்று சொல்ல இதைவிட நேர்மையான வழி இல்லை.

2024 ஜனவரியில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன்' இன்னும் வெளிப்படையானது. எதிரி மஞ்சளாக மின்னினால் தட்டிவிடலாம், நாயகன் சார்கோன் ஒரு சின்ன சினிமா காட்சியே நடத்தி எதிரியை வீழ்த்துவான். சிவப்பாக மின்னினால் விலகு. ஸ்விட்ச்சிலேயே நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும்படி யுபிசாஃப்டின் மான்பெலியே குழு செய்திருந்தது. அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தேன். அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார்கள் என்ற செய்திதான் அதே ஆண்டில் வந்தது.

பிறகு 'சில்க்சாங்'. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்த டீம் செர்ரி, 2017-ல் 'ஹாலோ நைட்' தந்தது. 2019-ல் அடுத்ததை அறிவித்தார்கள். 2025 செப்டம்பர் 4-ல்தான் வந்தது. அன்று ஆன்லைன் கடைகள் கூட்டம் தாங்காமல் முடங்கின. பொறுமையாகக் காத்திருந்தவர்கள் ஒரே வாரத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்: அற்புதம் என்று ஒரு கட்சி, இவ்வளவு கொடுமை தேவையா என்று இன்னொன்று. நான் இரண்டு கட்சியிலும் இருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். நாயகி ஹார்னெட்டுக்குத் தொடக்கத்தில் ஐந்து முகமூடி உயிர். பாஸ் எனும் பெரிய எதிரிகளில் பலர் ஒரே அடியில் இரண்டைப் பறிப்பார்கள். மூன்று அடி, முடிந்தது கதை. நான்கு துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தால் ஆறாவது முகமூடி கிடைக்கும். இரண்டிரண்டாகப் பறிப்பவன் முன்னால் அப்போதும் மூன்றே அடிதான்! அத்தனை அலைச்சலுக்குப் பலன் பூஜ்யம் என்று தெரிய வரும்போது வரும் எரிச்சல் நியாயமானது.

ஆனால் மருந்தின் கணக்கும் மாறியிருக்கிறது. பழைய கேமில் தரையில் நின்று ஒவ்வொரு முகமூடியாக மீட்டுக்கொள்ள வேண்டும். ஹார்னெட் ஒரே மூச்சில் மூன்றை மீட்பாள், அந்தரத்தில் இருந்தபடியேகூட. அதற்குப் பட்டுநூல் வேண்டும், பட்டுநூல் எதிரியை அடித்தால்தான் சேரும். நூலைச் சுற்றிக்கொள்ளும் அந்தக் கணத்தில் அடி விழுந்தால் சேர்த்ததெல்லாம் வீண். ஆகவே எங்கே ஒதுங்கலாம் என்று தேடாமல், எதிரியின் எந்த வீச்சுக்குப் பின் இடைவெளி வரும் என்று தேடுகிறோம். மேலே எம்பி, அவன் தலைக்கு மேலேயே நூலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்குவது ஒரு தனிச் சுகம்.

லேஸ் என்ற ஊசிவாள்காரியோடு நடக்கும் சண்டையில் இதெல்லாம் ஒன்றுகூடி வரும். பாயும் முன் குரல் கொடுப்பாள். சில சமயம் வாளை உயர்த்தி அசையாமல் நிற்பாள். ஆசைப்பட்டு அடித்தால் அதைத் தட்டிவிட்டு நம்மையே வெட்டுவாள். நம் வித்தையை அவள் நம்மீதே பிரயோகிக்கிறாள். நம் ஊசியும் அவள் ஊசியும் மோதித் தெறிக்கும்போது இருவருக்கும் காயமில்லை. அந்தச் சண்டையில் ஒரு வீச்சுகூட அநியாயமில்லை. அதே கேமில், செத்தபின் பாஸிடம் திரும்பி நடக்கும் சில பாதைகள் மட்டும் அநியாயம். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம் ஓடிய அந்தப் பாதையில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. பொறுமையைச் சோதிப்பது தவிர அதற்கு வேலை கிடையாது.

சொல்லி அடிப்பதை அப்படியே தாளமாக்கிவிட்டது 2023-ன் 'ஹை-ஃபை ரஷ்'. மரம், விளக்கு, எதிரியின் நடை எல்லாமே பாட்டின் தாளத்தில் அசையும். நாம் சற்று முந்தியோ பிந்தியோ அமுக்கினாலும் அடி தாளத்தில்தான் விழும்; தாளம் தெரியாதவனையும் தெரிந்தவனாகக் காட்டும் பெருந்தன்மை. சில எதிரிகள் முதலில் ஓர் அடிவரிசையைக் காட்டுவார்கள், அதே வரிசையில் நாம் தட்டிவிட வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்ட இடத்தைக் கடம் எடுப்பது போல.

2025-ல் பேரி இல்லாத கேமைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 'டூம்: தி டார்க் ஏஜஸ்' துப்பாக்கிக்காரன் கையில் கேடயத்தைக் கொடுத்தது. முறை வைத்து அடித்துக்கொள்ளும் 'எக்ஸ்பெடிஷன் 33' கூட, எதிரியின் முறையில் நம்மைச் சும்மா உட்காரவிடவில்லை. இரண்டும் நன்றாகவே இருந்தன. இவற்றைப் பார்த்துத் தங்கள் கேமிலும் பேரியை ஒட்டவைக்கப் போகும் மற்றவர்களை நினைத்தால்தான் கவலை.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2024-ல் தந்த 'நைன் சோல்ஸ்'. 'செகிரோ'வை 2டியில் செய்ததுபோல என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. இங்கே தட்டிவிடுவதில் சற்றுப் பிசகினாலும் உயிர் உடனே போகாது, உள்காயமாகத் தங்கும். அடுத்த அடி படாமல் சமாளித்தால் அது மெல்ல ஆறிவிடும். சரியாகத் தட்டிவிட்டால் சி எனும் ஆற்றல் சேரும். அதைக்கொண்டு எதிரியின் உடம்பில் ஒரு மந்திரத் தாளை ஒட்டி வெடிக்கவைக்கலாம். கதையை மட்டும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அடியின் அளவைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதைத் தொட்டால் தீட்டு என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஸ்விட்ச்சில் ஆடுவதாக இருந்தால் மட்டும் ப்ளூடூத் இயர்போனை ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பழைய வயர் இயர்போன் வீட்டில் எங்காவது கிடக்கும், அதைத் தேடி எடுத்து மாட்டுங்கள்.