தள்ளிப்போகும் இலக்கின் செலவு யார் கணக்கில்?

ஆங்கிலப் புத்தாண்டு மட்டக்களப்பு மாவட்டத்து மாங்கேணிக்கு வருவது சரியான நேரத்தில் அல்ல. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருக்காது, கடல் கொந்தளிக்கும், பெரும்போக நெல் இன்னும் வயலில் நிற்கும். கையில் காசு ஆகக் குறைந்த மாதத்தில் “மாதாமாதம் இவ்வளவு சேமிப்பேன்” என்று எழுதிவைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? 2011 ஜனவரியில் இந்த மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது.

சித்திரைப் புத்தாண்டு அப்படியல்ல. நெல் விற்ற காசு வந்திருக்கும், கடலும் அடங்கியிருக்கும். கைவிசேஷம் வாங்கும் கையோடு வீட்டுக் கணக்குப் போடுவது பொருத்தம்தான். (பஞ்சாங்கம் நம் ராசிக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே வரவு, ஒரே செலவு என்று எழுதிவிடுகிறது, களப்பில் வலை போடுகிறவருக்கு ஒரு கிழமையே மறு கிழமை போல இருப்பதில்லை.) ஆனால் சித்திரையும் காப்பாற்றாத ஆண்டு உண்டு. 2022 ஏப்ரல் 12இல், புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னர், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ரூபாயில் தொகை குறித்து எழுதிய எந்த இலக்கும் அந்த வருடம் பிழைத்திருக்க வழியில்லை. ஆகவே வளைந்துகொடுக்கும் இலக்கு தேவையா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதை வளைப்பது என்பதில்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல மாதிரி இங்கேயே உண்டு: மகளுக்கு வீடு கட்டும் முறை. மட்டக்களப்புப் பகுதியில் சீதனமாக வீடு பெண்ணுக்குப் போகும்; கலியாணம் முடித்த மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பார். அந்த வீடு ஒரே மூச்சில் எழும்புவதில்லை. ஒரு போகத்துக் காசில் அத்திவாரம், இன்னொரு நல்ல வருடத்தில் சுவர், பிறகு கூரை. பூச்சு வேலை கலியாணத்துக்குப் பின்னும் நடக்கும். எந்த ஆண்டில் முடியும், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் மாறலாம். வீடு மகளுக்கு என்பது மாறாது. போட்ட கல்லைத் திரும்ப எடுத்துச் செலவழிக்கவும் முடியாது. அதுவே குறையும்கூட. பாதிச் சுவரில் முடங்கிய காசு வைத்தியச் செலவுக்கு உதவாது. அப்போது தாயின் நகை அடகுக்குப் போகிறது; சில வீடுகளில் தாயே மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறார்.

நெகிழ்வை ஒரேயடியாகப் புகழ்கிறவர்கள் எட்வின் லொக் 1968இல் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும். “இயன்றவரை செய்” என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கே மனிதரை அதிகம் உழைக்க வைக்கிறது என்பது உளவியலில் அவர் நிறுவிய கருத்து. “முடிந்தால் சேமிப்போம்” என்ற வீட்டில் சேமிப்பு நடப்பதில்லை. சீட்டு நடப்பதற்குக் காரணமும் இதுதான்: தவணை குறித்த நாளில் வரவேண்டும், வராவிட்டால் ஊரே கேட்கும்.

மறுகோடியில் நிற்பது நுண்கடனின் கிழமைக் கட்டு. மழையோ வெள்ளமோ, குறித்த நாளில் காசு வைக்க வேண்டும். முந்தைய கடனைக் கட்ட மூன்றாவது கடன் எடுத்த பெண்களின் கதை வடக்கிலும் கிழக்கிலும் புதிதல்ல. வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவிக்க நேர்ந்தது. கொல்கத்தாவில் முதல் தவணைக்கு 2 கிழமைக்குப் பதிலாக 2 மாத அவகாசம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அவகாசம் பெற்றவர்களின் தொழில் இலாபம் கூடியது. கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். அந்த இரண்டாவது முடிவை மறைத்துவிட்டு நெகிழ்வைப் பரிந்துரைப்பது நேர்மையல்ல.

என் கணிப்பில் நெகிழ்வின் பெரிய குறை வேறொன்று. இலக்கு தள்ளிப்போனால் அதன் செலவு மறைவதில்லை, யாரோ ஒருவர் தலையில் ஏறுகிறது. தோணி இயந்திரம் பழுதானால் மகளின் டியூஷன் நிற்கும். மூத்தவனின் லீசிங் தவணை இறுகினால் அம்மாவின் கண் சிகிச்சை அடுத்த வருடத்துக்குப் போகும். “கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம்” என்பதைச் சொல்பவர் ஒருவர், பொறுப்பவர் இன்னொருவர். இதைப் பேசாத எந்தத் திட்டமும் அரைகுறை.

வரும் சித்திரையில் கொப்பியில் இலக்குகளை எழுதும்போது, காசு குறைந்தால் யாருடைய தேவை முதலில் பின்னுக்குப் போகும் என்பதையும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால், அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அவரையும் பக்கத்தில் இருத்தி மறுபடி எழுதுங்கள்.