சபை வகுப்பில் ஒரு பாடநூல்

குருப்பட்டம் பெறாத சபையாரும் இறையியலை முறையாகக் கற்கவேண்டும் என்னும் நோக்கில் எழுந்த நூல்களுள், வேன் குரூடெம் ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளியிட்ட ‘சிஸ்டமேட்டிக் தியாலஜி’ குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் கேம்பிரிட்ஜில் புதிய ஏற்பாட்டை ஆய்ந்து பட்டம் பெற்றவர். இறையியற் கல்லூரியில் போதித்ததோடு, அரிசோனா மாநிலத்தில் தம் சபையின் வயதுவந்தோர் வகுப்பிலும் இந்நூலைப் பல ஆண்டுகள் கற்பித்தவர். ஆங்கிலம் அறிந்த நம் நகரச் சபையார் கைகளிலும் இதனைக் காண்கிறோம். ஆகவே இதனை ஆராய்வது ஆயர்களாகிய நமக்குக் கடமையாகிறது.

நூலின் சிறப்பை முதலிற் கூறுவோம். ஏழு பகுதிகள், 57 அதிகாரங்கள், ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஆயினும் கடையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு வருகிறவன் தொடர்ந்து வாசிக்கத்தக்க நடை. ஒவ்வொரு அதிகாரமும் எளிய வினாவோடு தொடங்கி, வாழ்க்கைக்குரிய கேள்விகள், மனனத்திற்குரிய வசனம், ஒரு ஞானப்பாட்டு ஆகியவற்றோடு முடிகிறது. மறுமையைப் பற்றி ஒரு மணிநேரம் வாதாடியவர்கள் சேர்ந்து பாடிவிட்டு வீடு திரும்புவார்களாயின், அவ்வாதம் பகையாவது அரிது. சபையாரைக் குழந்தைகளாக எண்ணாமல், கடினமானவற்றையும் ஆசிரியர் அவர்கள்முன் வைத்திருப்பதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

குறை, நூலின் முறையில் இருக்கிறது. ஒரு பொருளைக்குறித்து முழு வேதாகமமும் இன்று நமக்கு என்ன போதிக்கிறது என்று காண்பதே இறையியல் என்கிறார் ஆசிரியர். வசனங்களைத் திரட்டுக, ஒப்பிடுக, சுருக்கிக் கூறுக என்பது அவர் வழி. இதனால் வாசகனும் வேதாகமமும் மட்டுமே அறையில் இருப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. இருபது நூற்றாண்டுச் சபை வாசலுக்கு வெளியே நிற்கிறது. ஒவ்வொரு அதிகார முடிவிலும் ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்டு, பாப்டிஸ்டு முதலிய மரபுகளின் நூல்களுக்குப் பக்க எண்கள் தரப்பட்டுள்ளன என்பது உண்மை. ஆனால் அந்நூல்கள் சபையான் வீட்டு அலமாரியில் இல்லை. பக்க எண்களோ எதையும் போதிப்பதில்லை.

இதன் விளைவைத் திரித்துவ உபதேசத்தில் காணலாம். ‘மொனொகெனேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘தனித்தன்மை வாய்ந்தவர்’ என்பதே பொருள் எனக் கொண்டு, குமாரன் நித்தியமாய் ஜெநிப்பிக்கப்படுகிறார் என்னும் சொல்வழக்கை விட்டுவிடுதல் நலம் என முதற் பதிப்பின் ஆறாம் பிற்சேர்க்கை கருதியது. ஆபிரகாமுக்கு இஸ்மவேலும் இருக்க, எபிரெயர் 11:17 ஈசாக்கை அச்சொல்லால் அழைப்பது இதற்குச் சான்று. சான்று வலியதே. ஆனால் அவ்வுபதேசம் ஒரே சொல்லின்மேல் கட்டப்பட்டதன்று. யோவான் 5:26 போன்ற இடங்களிலும் அது வேரூன்றியது. ஆரியுவுக்கு எதிராக 325இல் நிசேயாவில் சபை அறிக்கையிட்டதும் அதுவே. நம் தமிழ் வேதாகமத்தின் ‘ஒரேபேறான’ என்னும் சொல், பெறுதலைக் குறிக்கும் ‘பேறு’ என்பதைத் தன்னுள் காத்திருக்கிறது. நற்கருணை ஆராதனையில் ‘ஜெநிப்பிக்கப்பட்டவர்’ என்று அறிக்கையிடும் ஒருவன், மாலை வகுப்பில் அச்சொல் வேண்டாம் என்று வாசித்தால் எதை நம்புவான்?

2016இல் ஆசிரியர் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு நித்திய ஜெநிப்பை ஏற்கிறது. இந்நேர்மை போற்றத்தக்கது. எனினும் குமாரன் பிதாவின் அதிகாரத்திற்கு நித்தியமாய் அடங்கியிருக்கிறார் என்பதை அவர் விடவில்லை. 1 கொரிந்தியர் 11:3ஐக் காட்டி, அதனை மனைவி கணவனுக்கு அடங்குவதற்கும் ஒப்பாக்குகிறார். மூவர்க்கும் சித்தம் ஒன்றே என்று சபை போதித்துவர, தேவத்துவத்தினுள் ஒருவர் கட்டளையிட மற்றவர் கீழ்ப்படிதல் எங்ஙனம் பொருந்தும்? வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு இது ஏட்டு வினாவன்று. வீட்டில் நடக்கும் கொடுமைக்குப் பரலோகத்திலிருந்தே ஆதாரம் காட்டப்படுவதாக ஒருத்தி எண்ணினால், ஆசிரியர் அதைக் கருதவில்லை என்ற விடை போதாது.

லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529) கற்பனைகள், விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்ற ஒழுங்கில் செல்வது. சீகன்பால்கு அதனைத் தமிழிலும் தந்தார். அதை ஒப்புவித்துத் திடப்படுத்தலோடு மறந்தவர்கள் பலர் என்பதை நாம் அறிவோம். கேள்வி கேட்க அது இடம் தரவில்லை என்ற குறையும் நியாயமானதே. ஆயினும் கற்றவன் எந்தச் சபையின் வாயால் பேசுகிறான் என்பதை அறிந்திருந்தான். குரூடெமின் நூலை வகுப்பில் வைப்போர் முதல் நான்கு வாரங்களை விசுவாசப்பிரமாணங்களுக்கு ஒதுக்கி, அதன் பின்னரே நூலைத் திறப்பார்களாக.

பழைய பதிப்பே கையில் உள்ளதெனில் அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. ஆறாம் பிற்சேர்க்கையையும் 2020ஆம் ஆண்டுப் பதிப்பின் திரித்துவ அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசிப்பிக்கலாம். ஆசிரியர் ஏன் மாறினார் என்று சபையார் கேட்பர். அக்கேள்விக்கு விடை காண இரண்டு வாரமேனும் வேண்டும்; ஆயர் அவ்விரண்டு வாரமும் ஆயத்தத்தோடு வருவாராக.