ரெக்சினுக்குப் புதுப்பேர், சர்வீசுக்குப் புதுக்கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பென்ஸ், பி.எம்.டபிள்யூ வைத்திருக்கும் தோல் வியாபாரிகளிடம் ஒரு குறை உண்டு. வண்டி விலை ஏறிக்கிட்டே போகுது, கூட வர்ற சர்வீஸ் சலுகை சுருங்கிக்கிட்டே போகுது என்பது அது. காசுள்ளவங்க புலம்பல் என்று தள்ளிவிடலாம். தள்ளக் கூடாது என்பது என் கட்சி. தரம் பார்த்து வாங்கி, தரத்துக்குப் பதில் சொல்லி விற்பதுதான் இவர்கள் தொழில். இந்தக் குறையை எடைபோட இவர்களைவிடத் தகுதியானவர்கள் குறைவு.

முதலில் சலுகை. 'இலவசப் பராமரிப்பு' எந்தக் காலத்திலும் இலவசம் இல்லை. அதன் செலவு வண்டி விலைக்குள்ளேயே இருந்தது. அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ 4 ஆண்டு அல்லது 50,000 மைல் வரை பராமரிப்பைச் சேர்த்தே விற்றது. 2017 மாடலில் அது 3 ஆண்டு, 36,000 மைல் ஆனது. பிரேக் பேட், வைப்பர், கிளட்ச் போன்ற தேயும் பாகங்களும் பட்டியலிலிருந்து வெளியே போயின. அவையும் வேண்டுமா, தனியாகக் காசு கட்டு. நம் ஊரிலும் பராமரிப்பு ஒரு பேக்கேஜ்தான். பேக்கேஜ் என்று வந்துவிட்டால், எது உள்ளே எது வெளியே என்பதுதான் முழு வியாபாரமும்.

இதில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று. ஆயில் செலவு கம்பெனி தலையில் இருக்கும்வரை, ஆயில் மாற்றும் இடைவெளி நீள நீள லாபம் கம்பெனிக்கு. செயற்கை ஆயில் உண்மையிலேயே அதிக நாள் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கியர்பாக்சைப் பாருங்கள். பல பி.எம்.டபிள்யூ வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்சுக்கு 'ஆயுள் முழுக்க ஒரே ஆயில்' என்று சொல்லப்பட்டு வந்தது. அந்தக் கியர்பாக்சைச் செய்கிற இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள்? வாரண்டியின் ஆயுளா, வண்டியின் ஆயுளா? ஆம்பூரிலிருந்து சென்னையானாலும் பெங்களூரானாலும் 150 கிலோமீட்டருக்கு மேல். மாதம் நாலு தடவை போய்வருகிறவருக்கு அந்தக் கணக்கு சில வருஷத்திலேயே வந்துவிடும்.

அடுத்து சீட். பி.எம்.டபிள்யூவின் 'சென்சாடெக்', பென்ஸின் 'ஆர்ட்டிகோ' இரண்டும் செயற்கைத் தோல். ஆம்பூர் பாஷையில் ரெக்சின். ரெக்சின் மட்டம் என்று நான் சொல்லவில்லை. துடைக்கச் சுலபம், நன்றாகவே உழைக்கும். ஆனால் பேரில் எங்கேயும் அது தெரியாது. இதே ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு ஜோடி ஷூவிலும் மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் எந்தப் பொருள் என்று குறிக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை அது. காலணிக்கு மட்டும்தான். ஷூவுக்கு உள்ள நேர்மை அதைவிட நூறு மடங்கு விலையுள்ள காருக்குத் தேவையில்லையா?

உண்மையான வித்தியாசம் இங்கேதான். தோலில் ஒரு கீறல், கலர் கொஞ்சம் மாறினால் போதும், வெளிநாட்டு பையர் லாட்டையே ரிஜெக்ட் செய்வார். இல்லையென்றால் விலையில் பிடிப்பார். அதே தோல் வியாபாரி கார் வாங்கும் ஆளாகப் போய் நிற்கும்போது அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. 2009இல் வாங்கிய ஒரு 7 சீரிஸ் நாலே நாளில் கோளாறு காட்டியது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுத்து முடிக்கச் சொன்னது 2024 ஜூலையில். டைம்லர் கிரைஸ்லர் வழக்கு அதைவிட நீளம்: 2003இல் வாங்கிய பென்ஸில் கியர் பக்கத்து மேடு சூடாகிறது என்ற புகார், முடிந்தது அதே 2024 ஜூலையில். கம்பெனி பேரில் வாங்கிய வண்டி, ஆகவே வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று வாதம் வந்தது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்தப் பக்கம் கம்பெனி பேரில் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு.

ஆனால் இரண்டுமே கோளாறு வழக்குகள். சலுகை சுருங்கியதற்கு வழக்குப் போட முடியாது. சுருங்கிய கணக்கில்தான் நாம் கையெழுத்தே போட்டிருக்கிறோம். அதனால் சண்டை கையெழுத்துக்கு முன்னாடி நடக்க வேண்டும். எந்தப் பாகம் எத்தனை வருஷம், கியர்பாக்ஸ் ஆயில் எப்போது, யார் செலவில், சீட் என்ன பொருள், வண்டி கை மாறினால் பேக்கேஜும் மாறுமா? ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். சதுர அடிக் கணக்கு, கனம், கலர் எல்லாம் எழுத்தில் வராமல் தோலுக்கு ஆர்டர் எடுக்காதவர்கள், ஷோரூமில் மட்டும் காபியைக் குடித்துவிட்டு காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டால் எப்படி?