எழுதிய படமும் எழுதிய பேயும்: அவனீந்திரநாத் தாகூரின் ‘பூத்பத்ரீர் தேஷ்’ குறித்து

இந்திய ஓவிய வரலாற்று நூல்களில் அவனீந்திரநாத் தாகூர் (1871–1951) ஓர் இயலில் இடம்பெறுவார். வங்கச் சிறுவர் இலக்கிய வரலாறுகளில் வேறோர் இயலில் இடம்பெறுவார். முதலாவது இயல் ‘பாரத மாதா’ ஓவியத்தையும் வங்க ஓவியப் பள்ளியின் எழுச்சியையும் பேசும். இரண்டாவது ‘க்ஷீரேர் புதுல்’, ‘ராஜ்காஹினி’ ஆகிய நூல்களைப் பாராட்டும். இவ்விரு இயல்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அறிவதில்லை. ஓவியருக்கு ஓய்வு கிடைத்தபோது கதை எழுதினார் என்ற எண்ணமே இப்பிரிவினைக்கு அடிப்படை. கதைகளிலும் பேய்க்கதை என்றால் அந்த ஓய்வு இன்னும் சற்று இலேசானதாகக் கருதப்படுகிறது. 1915இல் வெளிவந்த ‘பூத்பத்ரீர் தேஷ்’ (பேய்களின் நாடு என்று பொருள் கொள்ளலாம்) இக்காரணத்தால் உரிய கவனம் பெறாது போயிற்று. அந்நூலை ஓவியரின் விளையாட்டாக ஒதுக்கினால் அவருடைய ஓவியத்தையே அரைகுறையாகப் படிக்க நேரும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வங்க மொழியில் படத்தை ‘எழுதுதல்’ என்னும் வழக்கு உண்டு. அவனீந்திரரைப் படம் எழுதுபவர் என்றே அம்மொழியினர் சுட்டுவர். தமிழறிந்தோர்க்கு இவ்வழக்கு வியப்பளிப்பதன்று. தொய்யில் எழுதப்பட்டது; மடலேறும் தலைவன் கையிலுள்ள கிழியில் தலைவியின் உருவம் எழுதப்பட்டது; பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியக் கூடத்தை எழுத்துநிலை மண்டபம் என்றே குறிக்கின்றது. நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது கொல்லிப் பாவை. அச்சம் மிகுந்த கொல்லி மலையில் அப்பாவையைத் தெய்வம் எழுதியதாகக் குறுந்தொகைப் பாடலொன்று கூறும். பூதம் அமைத்ததாக நற்றிணைப் பாடலொன்று கூறும். உருவம் தீட்டுதல், சொல் எழுதுதல், அணங்கின் இருப்பு ஆகிய மூன்றும் ஒரே வினைச்சொல்லின் எல்லைக்குள் நின்ற காலம் நம்முடையதாகவும் இருந்தது. ‘வரைதல்’ என ஒன்றும் ‘எழுதுதல்’ என மற்றொன்றும் பிரித்துக்கொண்டது பிற்காலப் பழக்கம். அப்பழக்கத்தைக்கொண்டே அவனீந்திரரையும் இரண்டாகப் பிரித்திருக்கிறோம்.

கல்கத்தாவின் ஜோராசாங்கோவில் தாகூர் குடும்பத்தின் ஐந்தாம் எண் வீட்டில் அவர் பிறந்தார். பின்னாளில் வெளிவந்த ‘ஆபன் கதா’ (1946) அவ்வீட்டின் இரவுகளிலிருந்தே தன் நினைவுகளைத் தொடங்குகிறது. பத்மதாசி என்னும் பணிப்பெண், பெரிய அறை, இருட்டு, அதற்குள் உருவங்களாகத் திரளும் ஒலிகள் ஆகியனவே அக்குழந்தையின் முதல் உலகம். இளமையில் ஐரோப்பிய ஆசிரியர்களிடம் பயின்றார். இத்தாலியரான கிலார்டியிடம் வண்ணக்கோல் ஓவியமும் ஆங்கிலேயரான பாமரிடம் எண்ணெய் வண்ணமும் கற்றார். அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே நினைவுகூர்ந்துள்ளார். உடலமைப்பைப் பயில்வதற்காக மனித மண்டையோடு ஒன்று அவர்முன் வைக்கப்பட்டது. வரைந்துகொண்டிருக்கும்போதே உடல் நடுங்கிற்று. கடுங்காய்ச்சலுடன் வீடு திரும்பினார். நெடுங்காலம் அப்பயிற்சிப் பக்கமே போகவில்லை. இதனை மென்மையான உள்ளத்தின் பலவீனம் என்று கடந்துவிடலாம். ஆயினும் ஒரு பொருளை அதன் எலும்பு வரையில் துல்லியமாகப் பார்த்துத் தீட்டும் மேலைக் கல்விமுறையில் இறந்தவரின் இருப்புக்கு இடமில்லை. அவ்விருப்பையே அவர் கண்டு அஞ்சினார். அவருடைய பிற்காலக் கலை முழுவதும் எலும்பை விட்டு அவ்விருப்பைத் தேடியது எனலாம்.

இறந்தவரின் இருப்பு அவர் வாழ்வில் கற்பனைப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. கல்கத்தாவில் கொள்ளைநோய் பரவிய ஆண்டுகளில் தம் சிறு மகளை இழந்தார். 1902இல் தீட்டிய ‘ஷாஜஹானின் இறுதி’ என்னும் ஓவியத்தில் அத்துயர் முழுவதையும் இறக்கிவைத்ததாகக் கூறியுள்ளார். சாகும் தறுவாயிலுள்ள பேரரசர், காலடியில் மகள் ஜஹானாரா, தொலைவில் தாஜ்மகால். மகளை இழந்த தந்தை, தந்தையை இழக்கவிருக்கும் மகளைத் தீட்டினார். டில்லி தர்பார்க் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்ற இவ்வோவியத்தைத் தேசிய மறுமலர்ச்சியின் தொடக்கங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் எண்ணுவர். அதன் தொலைவில் வெண்மையாக நிற்பது ஒரு கல்லறை என்பதை அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு ஜப்பானிய ஓவியர்களான யோகோயாமா தாய்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்தனர். கோட்டை அடக்கி வண்ணத்தை மங்கலாகப் படரவிடும் முறை அவர்களுடையது. சொந்த நாட்டில் அது தெளிவற்ற பாணி என்று ஏளனம் செய்யப்பட்டிருந்தது. அவர்களிடம் கண்ட நுட்பத்தை அவனீந்திரர் தம் போக்கில் மாற்றினார். தீட்டிய தாள் முழுவதையும் நீரில் அமிழ்த்தி எடுப்பார், உலர்ந்தபின் மீண்டும் தீட்டுவார், மீண்டும் அமிழ்த்துவார். ஒவ்வொரு முறையும் வண்ணத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடும். தாளின் இழைக்குள் ஊறியது மட்டும் தங்கும். சுருங்கச் சொன்னால், போனபின் எஞ்சுவதே அங்கு உருவம். 1905இன் ‘பாரத மாதா’ இவ்வாறு பிறந்தது. நான்கு கைகளில் ஏடும் நெற்கதிரும் துணியும் செபமாலையும் ஏந்திய அப்பெண் மண்ணில் ஊன்றி நிற்பவளாகத் தோன்றுவதில்லை. மூடுபனியிலிருந்து திரண்டு வந்தவளாகவே தோன்றுகிறாள். சுதேசி இயக்கம் அவளைத் தெய்வமாகக் கண்டது. ஓவிய நுட்பத்தின் பார்வையில் அவள் ஓர் ஆவியுரு என்று கூறுவது அவமதிப்பாகாது. தெய்வத்துக்கும் அணங்குக்கும் இடையே தமிழ் மரபும் பெருஞ்சுவர் எழுப்பியதில்லை.

1905 முதல் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் துணை முதல்வராக இருந்த அவர் 1915இல் அப்பதவியைத் துறந்தார். அவ்வாண்டே ‘பூத்பத்ரீர் தேஷ்’ நூலும் வெளிவந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பணியின் கட்டு நீங்கி, வீட்டுத் தென்புறத் தாழ்வாரத்தில் அண்ணன் ககனேந்திரநாத்தும் சமரேந்திரநாத்தும் உடனிருக்கக் கோட்டோவியமும் வண்ணமும் கதையுமாக அவர் கழித்த காலத்தின் வாயிலில் இந்நூல் நிற்கிறது. அச்சுதந்திரம் விலையின்றி வந்ததன்று என்பதையும் சொல்லவேண்டும். குடும்பத்தின் நிலங்களில் உழுத குடியானவர்களின் வரியே அத்தாழ்வாரத்தைத் தாங்கி நின்றது. அவர் எழுதிய பேய்நாட்டில் பல்லக்குச் சுமப்போர் முக்கிய இடம்பெறுவதை இப்பின்னணியில் வாசிக்க இடமுண்டு.

நூலின் கதை எளியது. ஒருவன் இரவில் பல்லக்கேறிச் சிற்றன்னை வீட்டிலிருந்து அத்தை வீட்டிற்குச் செல்கிறான். இடையில் கிடப்பது பேய்களின் நிலம். புரியிலிருந்து கோணார்க்கத்திற்குக் கடலோர மணல்வழியே அவனீந்திரர் மேற்கொண்ட பல்லக்குப் பயணமே இதற்கு வித்து. பேய்க்கதைகளில் வழக்கமாக வீடு அசையாமல் நிற்கும், பேய்தான் நடமாடும். பாழ்மாளிகையும் பூட்டிய அறையும் அவ்வகைக்கு உரியவை. இங்கோ கதைசொல்லி அமர்ந்திருக்கும் இடமே அசைகிறது. மனிதத் தோள்களின்மேல், இருட்டில், நிலையான தரை எதுவுமின்றி அவன் போகிறான். திரைக்கு வெளியே தெரிவது விளக்கா, கொள்ளிவாய்ப் பிசாசா, தொலைவுக் கிராமமா என்று தீர்மானிக்கும் முன்பே பல்லக்கு அதனைக் கடந்துவிடுகிறது. உருவம் தோன்றி, பாதி தெளிந்து, கரைந்து மற்றொன்றாகும். நீரில் அமிழ்த்திய தாளில் நிகழ்வதும் இதுவே. ஓவியத்தில் கண்டறிந்த முறையை உரைநடையில் இறக்கினார் என்று கூறுவதைக் காட்டிலும், இரண்டும் ஒரே கையின் ஒரே பழக்கம் என்று கூறுவதே பொருந்தும்.

பல்லக்கோடு வருவோரின் பெயர்களும் அவ்வாறே கரைகின்றன. கிச்கிந்தே என்னும் பெயரில் கிட்கிந்தையும், ஹாருந்தே என்னும் பெயரில் பாக்தாத்தின் ஹாரூன் அல் ரஷீதும் ஒளிந்திருக்கின்றனர். ஒரியக் கடற்கரையின் மணல் அரபு நாட்டு மணலாகிறது. சிந்துபாத்தின் கடல் அருகில் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கான வேடிக்கையாக இதனைக் கொண்டாடுவோர் உளர், அது பிழையன்று. ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1930இல், அவனீந்திரர் தீட்டிய ‘அரேபிய இரவுகள்’ ஓவியத் தொடரை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். அவருடைய ஓவியங்களுள் தலையாயதாக இன்று பலராலும் மதிக்கப்படும் அத்தொடரில் பாக்தாத்தும் ஜோராசாங்கோவின் சித்பூர்ச் சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அத்தொடரின் ஓர் ஓவியத்தில் தாகூர் முன்னோரின் வணிக நிறுவனமான கார் தாகூர் கம்பெனியின் பெயர்ப்பலகையே தொங்குகிறது. அந்நிறுவனம் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மறைந்த நிறுவனத்தின் பலகையைக் கதைநகரத்துச் சுவரில் மாட்டுவது பேய்க்கதைக்காரரின் செயலே. ஓவியத்தில் 1930இல் முதிர்ந்த இக்கலவை கதையில் 1915இலேயே வடிவம் பெற்றுவிட்டது. எது முதன்மை, எது ஓய்வுநேரப் பணி என்னும் வரிசை இங்குத் தலைகீழாகிறது.

அவருடைய சிறிய தந்தை இரவீந்திரநாதரும் ஆவிக்கதை எழுதியவரே. ‘க்ஷுதித பாஷாண்’ (1895) என்னும் சிறுகதையில் மொகலாயர் காலத்து மாளிகையொன்று வரி வசூலிக்கும் அலுவலர் ஒருவரை இரவுதோறும் விழுங்கப் பார்க்கிறது. அங்குக் கடந்தகாலம் பசியோடு இருக்கிறது. அக்கதையில் உண்மையான அச்சம் உண்டு. தமிழில் ‘காஞ்சனை’யை எழுதிய புதுமைப்பித்தனும் அச்சத்தை விட்டுக்கொடுக்கவில்லை, நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் நடுவில் வாசகரை நிறுத்தித் தாம் நழுவிக்கொண்டார். இவர்களோடு ஒப்பிட அவனீந்திரரின் பேய்கள் அஞ்சத்தக்கனவல்ல. அவை பேசும், சுமக்கும், கதை சொல்லும், பசித்தவை அல்ல. இதனை ஒரு குறையாகவே நான் காண்கிறேன். மண்டையோட்டின் முன் நடுங்கிய மனிதர் தம் பேய்நாட்டில் அந்நடுக்கத்துக்கு இடமளிக்கவில்லை. இனிமை அதனை மூடிவிட்டது. அவருடைய நீர்ச்சாயல் ஓவியங்களிலும் இதே இடர் உண்டு. மங்கல் என்பது காணாததைக் காட்டும் வழியாக நில்லாமல், வெறும் கனிவாகத் தளர்ந்துவிடும் தருணங்கள் அவரிடமும் உள்ளன. அவர் வழிவந்தோரிடம் அவை மலிந்தன. அவருடைய மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றபின் வெண்கலத்தில் வன்மையான உடல்களை வார்த்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலையில் மூடுபனி சிறிதும் இல்லை.

இக்குறையைக் கூறியபின்னும் நூலின் மதிப்பு குறைவதில்லை. பல்லக்குச் சுமப்போரின் பாட்டொலியைத் தாளமாகக் கொண்ட அதன் உரைநடை, வாய்மொழிக் கதையின் மூச்சை அச்சுக்குக் கொண்டுவந்த அரிய முயற்சி. பேய்க்கதை என்றாலே மூடநம்பிக்கை என்று மாணவரின் ஏட்டில் சிவப்புக் கோடிடும் ஆசிரியர்களாகிய நமக்கு இதில் கருதத்தக்க செய்தி உண்டு. பொந்தியானாக்கையும் தோட்டத்து முனியையும் கேட்டு வளர்ந்த பிள்ளை முதன்முதலில் உருவம் காணக் கற்பது அக்கதைகளில்தான். அதனை நாம் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை.

அரேபிய இரவுகளுக்குப் பின் சில ஆண்டுகள் அவனீந்திரர் தூரிகையைப் பெரிதும் தொடவில்லை. நாட்டார் கூத்து வடிவில் நாடகங்கள் எழுதினார். இராமாயணத்தைக் கேலியாக மாற்றிய ‘குத்துர் ஜாத்ரா’ கையெழுத்துப் படியில் செய்தித்தாள் படங்களையும் விளம்பரங்களையும் வெட்டி ஒட்டினார். எழுத்தும் படமும் அங்கு ஒரே பக்கத்தில், ஒரே கேலியில் கலந்துவிட்டன. ஓவிய வரலாற்றாசிரியர்கள் இவ்வாண்டுகளை இடைவெளி என்று குறிப்பது எனக்கு உடன்பாடில்லை. 1941இல், அவருடைய எழுபதாம் பிறந்தநாளாகிய ஆகஸ்ட் 7ஆம் நாள், இரவீந்திரநாதர் மறைந்தார். ஜோராசாங்கோவின் ஐந்தாம் எண் வீடும் கைமாறிப் பின்னர் இடிக்கப்பட்டது. பராநகரில் குப்த நிவாஸ் என்னும் வீட்டில் முதியவர் தோட்டத்தில் கிடந்த சுள்ளிகளையும் வேர்களையும் மரத்துண்டுகளையும் பொறுக்கிவந்து, அவற்றுள் முன்பே ஒளிந்திருந்த பறவையையும் விலங்கையும் கிழவனையும் சிறிதே செதுக்கி வெளிக்கொணர்ந்தார். அவற்றுக்குக் ‘குட்டும் காட்டாம்’ என்று பெயரிட்டார். குட்டும் என்றால் வங்கத்தில் உறவினர்.