அச்சத்தை அளக்கும் கருவியில் சுழிப்பிழை

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? தாடைகளைச் சேர்த்து வைத்துச் சுழிப்பிழை உண்டா என்று பார்ப்பீர்கள். மனத்தை அளக்கும் கருவிகளையும் அவ்வாறே சோதிக்க வேண்டும்.

1959-இல் மாக்ஸ் ஹாமில்டன் என்னும் மனநல மருத்துவர் பதற்றத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். 14 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், உச்சம் 56. பதற்ற நோயாளிகள் என முன்பே அறியப்பட்டோருக்காக அமைந்த இது, பின்னர் கருவுற்ற பெண்களிடமும் பயன்படுத்தப்பட்டது. சிக்கல் இங்கேதான். தூக்கமின்மை, படபடப்பு, மூச்சு வாங்குதல், வயிற்றுத் தொல்லை, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை இதில் பதற்றத்தின் குறிகள். எட்டு மாதக் கர்ப்பிணியைக் கேட்டுப் பாருங்கள். மனம் அமைதியாக இருந்தாலும் ஐந்துக்கும் 'ஆம்' என்பார். கூறுக்கு இரண்டு என்றாலே பத்து மதிப்பெண் ஏறிவிடும்!

மாறாத பிழையானால் கழித்துவிடலாம். ஆபத்து மிகுந்த கர்ப்பத்தில் அதற்கும் வழியில்லை. இரத்தசோகை மூச்சிரைப்பைத் தரும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிபெடிபின் மாத்திரை படபடப்பைத் தரக்கூடும். பிழை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

1987-இல் வந்த எடின்பரோ வினாப்பட்டியல் மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கானது. எனினும் உடற்குறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கியதால், இரண்டில் இதுவே மேல் என்பேன்.

எண் சரியாகவே இருக்கட்டும். அச்சத்தின் காரணம் அதில் இல்லையே. 2016-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் பரிசோதனையில் ஆபத்து மிகுந்தவரின் அட்டையில் சிவப்பு வில்லை ஒட்டப்படுகிறது. மருத்துவருக்கு அது நல்ல எச்சரிக்கை. நஞ்சு கருப்பைவாயை மூடியிருப்பதாகக் கேள்விப்பட்ட பெண்ணுக்கோ கவலை வேறு: இரவில் உதிரம் போனால் யார் கொண்டுபோவார்? மூத்த குழந்தை யாரிடம் இருக்கும்? இதை நோய் என்பது தவறு.

திருவானைக்காவலில் இருந்து பார்த்தால் காவிரிக்கு அக்கரையில் மலைக்கோட்டை. வெள்ளத்தால் தாய் வர முடியாத இரத்தினாவதிக்கு இறைவனே தாயாக வந்து பேறு பார்த்தான் என்பது அங்குள்ள தாயுமானவர் தலபுராணம். நம்பிக்கை ஒருபுறம் இருக்க, அவளுக்குத் தேவைப்பட்டது ஆறுதல் மொழியன்று, ஆள் என்பதைக் கதை சரியாகவே கண்டது. 26 ஆய்வுகளையும் 15,000-க்கு மேற்பட்ட பெண்களையும் தொகுத்த 2017-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீடும், பேறுவலியில் இடைவிடாத துணை பெற்றோருக்குச் சிசேரியன் குறைவு என்கிறது. ஆனால் அது வலி கண்ட சில மணி நேரத்துத் துணை. சிவப்பு வில்லையோடு கழியும் மாதங்களில் துணை யார் என்பதை ஹாமில்டனின் 14 கூறுகளில் ஒன்றும் கேட்பதில்லை.