தென்னைக்குக் கீழே புல்: பொள்ளாச்சியிலும் பளையிலும்

பத்து ஏக்கர் தென்னை வைத்திருப்பவரைக் கேட்டால், மரத்தைவிட மரத்தடிதான் அதிகம் வேலை வாங்குகிறது என்பார். காய் வெட்டு 45 நாளிலிருந்து 60 நாளுக்கு ஒருமுறை வருகிறது. உரம் ஆண்டுக்கு இரண்டு தடவை. புல் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் எழுந்து நிற்கும். அரிவாளோடு இறங்கிப் புல்லறுக்க ஆள் வந்த காலம் தமிழ்நாடு, இலங்கை என்ற இரு கரையிலும் போய்விட்டது. ஆகவே எந்த இயந்திரத்தை வாங்குவது என்ற பேச்சு பொள்ளாச்சியிலும் நடக்கிறது, குருநாகலிலும் நடக்கிறது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் இருக்கும் பளையிலும் நடக்கிறது. கேள்வி ஒன்றுதான். ஆனால் வாங்கி வந்து நிறுத்துகிற இயந்திரங்கள் வேறு வேறு. ஏன் என்று தேடிப்போனால், புல்லை என்னவாக நினைக்கிறார்கள் என்பதில் போய் முடிகிறது.

பொள்ளாச்சி இருக்கும் கொங்கு நாட்டில் தோப்பு சுத்தமாக இருக்கவேண்டும். புல் மண்டிய தோப்புக்கு, பார்க்க ஆளில்லாத தோப்பு என்று பெயர் விழுந்துவிடும். விழுந்த காய் கண்ணில் படவேண்டும். கிணற்றுத் தண்ணீரும் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீரும் மரத்துக்கே சேரவேண்டும், புல் குடித்துவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மரங்களின் இடைவெளியை ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜூன்–ஜூலையிலும் டிசம்பர்–ஜனவரியிலும், உழச்சொல்கிறது. டிராக்டரில் மாட்டி உழும் ரோட்டவேட்டர் வந்தபிறகு இரண்டோடு நிற்பவர்கள் குறைவு. ஓட்டி முடித்த அன்று தோப்பு களத்துமேடு மாதிரி இருக்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும். இதே கொங்குப் பகுதியில்தான், காங்கேயம் பக்கம், கிளுவை வேலி கட்டிய கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து மாடு வளர்த்திருக்கிறார்கள். புல்லின் அருமை தெரியாத ஊர் இல்லை அது. தென்னைக்குக் கீழே வரும்போது மட்டும் அந்த அறிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இலங்கையில் கதை வேறு. குருநாகல், புத்தளம், கம்பகா மூன்றையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். அங்கே பெரும்பாலான தென்னை வானம் பார்த்தது. மண்ணிலுள்ள ஈரத்தை வெயில் குடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. வெறும் மண்ணை வெயிலில் காட்டினால் போயிற்று. அதனால் புல்லை விட்டுவைப்பார்கள், மாட்டையும் எருமையையும் கட்டி மேய்ப்பார்கள், மிஞ்சியதை வெட்டி மரத்தடியில் போடுவார்கள். 1929இல் தொடங்கிய, லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் மூடுபயிரையும் சீமைக்கிளுவைத் தழையையும் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. களைகொல்லியும் அங்கே எப்போதும் நம்பத்தக்க துணையாக இருந்ததில்லை. கிளைபோசேட்டை 2015இல் தடைசெய்தார்கள். 2018இல் தளர்த்தியபோதும் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டுமே தளர்த்தினார்கள். 2021இல் இரசாயன உரத்தோடு பூச்சி, களை மருந்துகளுக்கும் சேர்த்துத் தடை வந்து, சில மாதங்களில் விலகியது. இந்தியாவிலும் 2022 அக்டோபரில் கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே கையாளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆக மருந்தடித்துத் தீர்த்துவிடலாம் என்ற வழியை இரண்டு நாட்டிலும் நம்பியிருக்க முடியாது. வெட்டத்தான் வேண்டும், இல்லையேல் உழத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் ஆசையைப் பற்றிப் பேசியாக வேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் பெரிய புல்தரையுள்ள வீடுகளைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், ஊரில் காணி வாங்கியதும், உட்கார்ந்து ஓட்டுகிற அந்தப் புல்வெட்டியை இங்கேயும் இறக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். அது வாரந்தோறும் வெட்டப்படும் மெத்தைப் புல்லுக்காகச் செய்தது. அதன் கத்திப்பெட்டி சுமார் 42 அங்குல அகலம். தரையிலிருந்து நாலு அங்குலத்துக்கு மேல் உயர்த்த முடியாது. இடுப்பளவு வளர்ந்த கினிப் புல்லில் விட்டால் பட்டை வழுக்கும், பெட்டி அடைத்துக்கொள்ளும். கீழே ஒரு தேங்காயோ மட்டையோ கிடந்தால் கத்தி மடங்கும், அல்லது அது கல்லாகப் பறந்து யார் காலையாவது பதம் பார்க்கும். இருபது குதிரைத்திறன் என்று அதன் மூடியில் எழுதியிருக்கும். சிறு டீசல் டிராக்டரிலும் அதே இருபதுதான். ஆனால் பின்னச்சும் கியர்ப் பெட்டியும் ஒன்றல்ல: புல்வெட்டியில் கலப்பையோ பாரவண்டியோ மாட்டினால், எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் அதன் விசைக்கடத்தி சூடேறிச் செத்துப்போகும். கோல்ஃப் மைதானத்துக்கும் ஹோட்டல் புல்தரைக்கும் கிரிக்கெட் திடலுக்கும் அது சரி. நுவரெலியாவிலும் ஊட்டியிலும் அதற்கு வேலை இருக்கிறது. தோப்பில் இல்லை.

தோப்புக்கு இயந்திரம் தேடுகிறவர் முதலில் கையில் எடுக்கவேண்டியது அளவு நாடா. தமிழ்நாட்டுப் பரிந்துரை மரத்துக்கு மரம் 25 அடி. ஏக்கருக்கு 70 மரம் வரும். இலங்கையில் 26 அடி. ஏக்கருக்கு 64 மரம். மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் எந்தச் சக்கரமும் போகக்கூடாது. உணவெடுக்கும் வேர் நெருக்கமாக இருப்பதும் உரம் வைப்பதும் அங்கேதான். இரண்டு பக்கமும் ஆறடி கழித்தால் வரிசைக்கு நடுவே தமிழ்நாட்டில் 13 அடி, இலங்கையில் 14 அடி மிஞ்சும். புல்லைச் சுழன்று வெட்டும் நாலடி அகல ஸ்லாஷர் மாட்டிய சிறு டிராக்டர் அந்தப் பாதையை மூன்று நான்கு ஓட்டத்தில் முடித்துவிடும். ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். திரும்புகிற நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் பிடிக்கும். ஸ்லாஷர் அகலத்தில் ஓர் அடிக்கு ஐந்து குதிரைத்திறன் என்பது பட்டறைக் கணக்கு. அப்படியானால் நாலடிக்கு இருபது போதும். பத்து ஏக்கருக்கு இதைவிடப் பெரிது வாங்குவது பணத்தை மண்ணில் புதைப்பது. ஈர மண்ணில் இரண்டு டன் எடையை உருட்டுவதும்கூட.

தமிழ்நாட்டில் இந்த இருபது குதிரைத்திறன் சுற்றளவில் தேர்ந்தெடுக்க நிறைய உண்டு. மஹிந்திரா யுவராஜ் 15 குதிரைத்திறனில் தொடங்குகிறது. குபோட்டா, ஸ்வராஜ், வி.எஸ்.டி. எல்லோரிடமும் மினி டிராக்டர் இருக்கிறது. அதற்கும் கீழே பவர் டில்லர். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆக இறங்கியது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியமும் உண்டு. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வாடகை. வேளாண் பொறியியல் துறையின் வண்டியை உழவன் செயலி வழியாகவே பதிந்து மணிக்கணக்கில் எடுக்கலாம். பக்கத்து ஊரில் ரோட்டவேட்டர் வைத்திருப்பவர் ஒரு போன் பேசினால் வருவார். அதனால் ஒரு வேலைக்கு ஓர் இயந்திரம் என்று யோசிக்க அங்கே வசதி இருக்கிறது. உழவுக்கு வாடகை வண்டி, புல்லுக்குத் தோளில் மாட்டி வெட்டும் சொந்தப் பிரஷ் கட்டர் என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

வடக்கு, கிழக்கு இலங்கையில் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. அங்கே வீட்டின் இயந்திரம் லான்ட்மாஸ்டர். இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர், எந்தக் கம்பனி செய்ததாக இருந்தாலும். காலையில் அது வயலில் உழும். பிறகு இழுவைப் பெட்டியை மாட்டினால் உரமூட்டை ஏற்றும், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும், ஊர்ச்சனத்தைக் கோயில் திருவிழாவுக்கு ஏற்றிப்போகும். பட்டியைக் கழற்றி மாட்டினால் தண்ணீர் இறைக்கும். படுக்கை வாட்டில் ஒற்றைச் சிலிண்டர், கையால் சுற்றிக் கிளப்பும் டீசல். ஊரில் யாராவது ஒருவருக்கு அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்திருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி முழுதாகத் திறக்க 2025 ஆகிவிட்டது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையும் கியூஆர் அட்டையும் வந்தன. உதிரிப்பாகம் கிடைக்காத ஆண்டுகளைத் தாண்டி வந்த ஒரு விவசாயி, பக்கத்து வீட்டில் இருக்கும் அதே இயந்திரத்தையே தானும் வாங்குவதில் நல்ல நியாயம் இருக்கிறது. ஒன்று பழுதானால் மற்றதன் பாகம் உதவும்.

ஆனால் லான்ட்மாஸ்டர் நல்ல புல்வெட்டி அல்ல. அதன் சுழல்கத்தி மண்ணைக் கிளறச் செய்தது. புல்லுக்கு விட்டால் வேரோடு பிடுங்கிச் சுற்றிக்கொள்ளும். கோரைக் கிழங்கையும் இலுக்குப் புல்லின் நிலத்தடித் தண்டையும் துண்டு துண்டாக்கிக் காணி முழுக்கப் பரப்பிவிடும். ரோட்டவேட்டரும் பொள்ளாச்சியில் செய்வது இதைத்தான். கோரை மலிந்த தோப்பில் அடிக்கடி ரோட்டவேட்டர் ஓட்டுவது கோரையை விதைப்பதற்குச் சமம். மேல்மண் பொடியாகி, நாலைந்து அங்குலத்துக்குக் கீழே தட்டுப்போல இறுகி, அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிப்போகும். வேரடி ஈரத்துக்காக உழுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஈரத்தைத் தொலைக்கிறோம். உழவு வேண்டிய இடத்தில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ உழுது, மற்ற நேரமெல்லாம் வெட்டி அங்கேயே போடுவதுதான் தென்னைக்கு நல்லது. இதில் நான் குருநாகல் பக்கம் நிற்கிறேன்.

நிலமும் இயந்திரத்தைத் தீர்மானிக்கிறது. பொள்ளாச்சியில் பொச்சு மட்டை முழுவதும் கயிற்று ஆலைக்கு விலைபோய்விடும், தோப்பில் தங்காது. இலங்கையில் மட்டையை மரங்களுக்கு நடுவே குழிவெட்டிப் புதைத்து ஈரத்தைப் பிடித்துவைப்பார்கள். நல்ல பழக்கம். ஆனால் மட்டை மக்கி உள்வாங்கிய பழைய குழி புல்லுக்குள் மறைந்திருக்கும். சிறு டிராக்டரின் முன்சக்கரம் அதில் இறங்கினால் வண்டி கவிழக்கூட இடமுண்டு. தமிழ்நாட்டில் அந்தக் கவலைக்குப் பதில் சொட்டுநீர்க் குழாய். சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் என்பதால் எங்கும் குழாய் ஓடுகிறது. கத்தி பட்டால் அன்றைய கூலி குழாய்க்கே போகும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் 2018 நவம்பர் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டை இன்னும் சில தோப்புகளில் புல்லுக்கடியில் கிடக்கிறது.

பளையிலும் அடுத்துள்ள முகமாலையிலும் புல்லுக்கடியில் இருந்தது வேறு. நன்கு காய்த்த தென்னங்காணிகள் உள்நாட்டுப் போரில் போர்முனையாகி, தலைபோன மரங்களும் பதுங்குகுழிகளும் முள்கம்பியும் கண்ணிவெடியும் மிஞ்சின. ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள், அவர்களில் நிறையப் பெண்கள், முழங்காலிட்டு அடியடியாகக் கிளறி அந்த மண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் காணி வாங்குகிறவர் எந்த இயந்திரம் என்று யோசிக்குமுன், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த பத்திரத்தைப் பார்த்தாக வேண்டும். பிறகும் முதல் தடவை இயந்திரத்தோடு இறங்காமல், கத்தியோடு ஆளிறங்கி வெட்டி, பதுங்குகுழிப் பள்ளங்களையும் கம்பியையும் கண்டு அடையாளமிட்டபின்தான் வண்டியை விடவேண்டும்.

இரு கரைக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. இளந்தென்னையின் அடியில் பிரஷ் கட்டரின் நைலான் கயிறோ தகடோ பட்டால் காயத்தில் சாறு கசியும். சிவப்புக் கூன்வண்டு அந்த வாசத்துக்கு வரும், முட்டையிடும், புழு உள்ளே குடைந்து, குருத்து சாயும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் மரம் போய்விட்டிருக்கும். மரத்தைச் சுற்றி இரண்டடிக்குப் பிரஷ் கட்டரையும் நெருங்க விடாமல் கையால் வெட்டவேண்டும், அல்லது மட்டையும் ஓலையும் பரப்பிப் புல்லே வராமல் மூடவேண்டும். கிடுகு பின்னுவது குறைந்துபோன யாழ்ப்பாணத்தில் ஓலைக்கு இதைவிட நல்ல பயன் தெரியவில்லை. காய் பறிப்புக்கு நாலைந்து நாள் முன்னதாக வெட்டினால் விழுகிற காயைத் தேடும் நேரமும் மிஞ்சும்.

ஒருவர் கேட்டால் நான் சொல்வது இவ்வளவு. மூன்று ஏக்கருக்குள் இரண்டு நல்ல பிரஷ் கட்டரும் முடிந்தால் ஒரு மாடும் போதும். ஐந்து ஏக்கருக்கு மேல், தமிழ்நாட்டில் இருபது குதிரைத்திறன் மினி டிராக்டரும் நாலடி ஸ்லாஷரும், உழவுக்கு வாடகை வண்டியும். இலங்கையின் வடக்கில் லான்ட்மாஸ்டரை விட்டுவிட வேண்டியதில்லை; ஏற்றியிறக்க அதுவே இருக்கட்டும். ஆனால் ஸ்லாஷர் மாட்டிய சிறு டிராக்டர் ஒன்றைப் பத்துப் பேர் சேர்ந்து, கமக்காரர் அமைப்பின் பெயரிலேனும் வாங்கி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம் அங்கே பரவவேண்டும். அந்த ஒன்றைப் பொள்ளாச்சியிடமிருந்து கற்கலாம்.

அதற்கு இதுவே தருணம். 2025இல் வடக்குத் தென்னை முக்கோணம் என்ற திட்டம் தொடங்கி, அங்கே புதுக் கன்றுகள் மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கன்று நடும்போதே வரிசையை நூல்பிடித்து 26 அடியில் நேராக விடவேண்டும். காணியின் இரு முனையிலும் வண்டி திரும்பப் பதினைந்து, இருபது அடி வெறுமையாக விடவேண்டும். மட்டைக் குழியை ஒரே வரிசையிலுள்ள இரண்டு மரங்களுக்கு நடுவில் மட்டும் வெட்டினால், வரிசைக்கும் வரிசைக்கும் இடையிலுள்ள 14 அடிப் பாதையில் குழி எதுவும் குறுக்கிடாது.